பகலில் எரியும் விளக்கு: யாழ்ப்பாணத்துப் பழைய கார்களின் தெருப் பாதுகாப்புக் குறித்துச் சில சிந்தனைகள்

1

தமிழிலக்கியத்தில் விளக்கு என்னும் பொருள் நெடுங்காலமாகக் குறியீடாகவே ஆராயப்பட்டு வந்துள்ளது. முதலாழ்வார் பாடல்களில் விளக்குப் பெறும் இடம் பற்றியும், நீதிநூல்களில் அது அறிவுக்கு உவமையாகும் திறம் பற்றியும் எழுதியோர் பலர். ஆனால், எண்ணெயும் திரியும் தகழியும் கொண்ட பொருளாக, ஒருவர் உழைப்பினால் ஆக்கப்பட்டு, இன்னொருவர் விலை கொடுத்துப் பெற்று, ஒரு குறிப்பிட்ட சமூகத் தேவையை நிறைவு செய்யும் கருவியாக விளக்கை நோக்கியோர் மிகச் சிலரே. பொருளைக் கைவிட்டுக் குறியீட்டை மட்டும் பற்றிக்கொள்ளும் இப்போக்கு எமது ஆய்வுலகின் பழைய குறைபாடுகளுள் ஒன்றாகும்.

இக்கட்டுரை ஒரு மிகச் சிறிய விளக்கைப் பற்றியது. மோட்டார் வாகனங்களின் முன்புறத்தில், பட்டப்பகலிலும் ஒளிரும்படி பொருத்தப்படும் வெண்ணிற விளக்கே அது. இதனைப் பகலோட்ட விளக்கு என்று இங்கு குறிப்பிடுவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் ஒஸ்ரின், மொறிஸ் முதலான அரை நூற்றாண்டு கடந்த கார்களுக்கு இவ்விளக்கைப் பொருத்துவது பயனுடையதா, எவ்வாறு பொருத்துவது, அதனால் யார் பாதுகாக்கப்படுகின்றனர் என்னும் மூன்று வினாக்களுக்கு இங்கு விடை தேட முயல்கின்றோம். முதலிரு வினாக்களும் தொழில்நுட்பம் சார்ந்தன போலத் தோன்றும். மூன்றாவது வினாவே அவ்விரண்டுக்கும் உரிய பொருளை வழங்குகின்றது என்பது எமது கருத்து.

2

யாழ்ப்பாணத்துப் பழைய கார் ஒரு வரலாற்று ஆவணம். 1947 தொடக்கம் 1952 வரை உற்பத்தியான ஒஸ்ரின் ஏ40 டெவன், அதனைத் தொடர்ந்து 1954 வரை வெளிவந்த ஏ40 சமர்செற், பின்னர் வந்த கேம்பிரிட்ஜ் வகைகள், 1948இல் அறிமுகமாகி 1971 வரை காராக உற்பத்தி செய்யப்பட்ட மொறிஸ் மைனர் ஆகியவை குடாநாட்டின் தெருக்களில் நீண்டகாலம் நிலைபெற்றிருந்தன. அரசாங்க உத்தியோகமும், மலாயாவிலும் தென்னிலங்கையிலும் தொழில்புரிந்தோர் அனுப்பிய பணமும் கொண்டு கட்டப்பட்டதையே யாழ்ப்பாணத்தின் ‘மணியோடர் பொருளாதாரம்’ என்பர். அப்பொருளாதாரத்தின் நடுத்தர வர்க்கத்தினர், கல்வீட்டுக்கு அடுத்ததாக விரும்பிய பண்டம் காராகும். அதே கார் கைமாறி வாடகைக் காராகியபோது, பிள்ளைப்பேற்றுக்கும் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் கிராமம் முழுவதற்கும் பொதுவான ஊர்தியாக மாறியது.

இக்கார்கள் இவ்வளவு காலம் நிலைத்தமைக்குப் பிரித்தானிய உருக்கின் உறுதியை மட்டும் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. 1960களின் தொடக்கத்திலிருந்து இலங்கை எதிர்கொண்ட அந்நியச் செலாவணி நெருக்கடி கார் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட காலத்தில் இக்கட்டுப்பாடு மேலும் இறுகியது. அதே இறக்குமதிக் கட்டுப்பாடுதான் யாழ்ப்பாணத்து வெங்காய, மிளகாய்ச் செய்கையாளரைச் செழிக்கச் செய்தது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. 1977இன் பின் திறந்த பொருளாதாரம் தென்னிலங்கையின் தெருக்களை யப்பானிய வாகனங்களால் நிரப்பிற்று. வடக்கிலோ 1983இன் பின் தீவிரமடைந்த யுத்தமும், 1990 முதல் நடைமுறையிலிருந்த பொருளாதாரத் தடையும் காலத்தை வேறு திசையில் நடத்தின.

மூலதனத்தின் முதலாம் பாகத்தில் இயந்திரத்தின் இருவகைத் தேய்வு பற்றி மார்க்ஸ் பேசுகின்றார். பயன்பாட்டினாலும் பயன்படுத்தாமையினாலும் ஏற்படும் பௌதிகத் தேய்வு ஒன்று. அதே வகை இயந்திரம் மலிவாக உற்பத்தியாவதாலோ, அதனினும் சிறந்தது போட்டிக்கு வருவதாலோ ஏற்படும் மதிப்பிழப்பு மற்றொன்று. இப்பின்னதை ‘ஒழுக்கத் தேய்வு’ எனப் பொருள்படும் தொடரால் அவர் சுட்டினார். யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது யாதெனில், இரண்டாவது தேய்வு செயற்கையாக நிறுத்திவைக்கப்பட்டமையே. புதிய பண்டம் உள்ளே வர இயலாதவிடத்து, பழைய பண்டம் பழையதாகிவிடுவதில்லை. முதலாவது தேய்வை ஈடுசெய்யும் பொறுப்பு, உள்ளூர்க் கராஜ்களில் உழைத்தோர் கைகளில் விடப்பட்டது. கிடைக்காத உதிரிப்பாகத்தைக் கடைந்தும், ஒட்டியும், வேறு இயந்திரத்திலிருந்து பெயர்த்தும் அவர்கள் ஆக்கிக்கொண்டனர். பெற்றோல் இல்லாத நாட்களில், கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினர். ஏட்டில் எழுதப்படாத இத்தொழில்நுட்ப அறிவு எமது பண்பாட்டு வரலாற்றின் பகுதியாக இன்னும் ஏற்றுக்கொள்ளப்படவில்லை.

அக்காலத்து வெளிச்சம் பற்றியும் ஒரு குறிப்பு இவ்விடத்தில் அவசியமாகின்றது. மின்சாரம் அற்றுப்போன அவ்வாண்டுகளில் மாணவர்கள் ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியிட்ட விளக்கின் முன்னமர்ந்து படித்தனர். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, அதன் டைனமோவிலிருந்து பெற்ற மின்னோட்டத்தால் வானொலிச் செய்தி கேட்டனர். இரவில் தெருவில் வெளிச்சம் காட்டுவதே ஆபத்தென அஞ்சிய காலம் அது. ஒளி என்பது ஒருவர் தம்மைக் காட்டிக்கொடுக்கும் செயலாக இருந்தது. அந்தத் தலைமுறை வாழ்ந்த அதே தெருவில், இன்று பகலிலும் விளக்கெரித்துத் தம்மைக் காட்டுவதே பாதுகாப்பு என்று நாம் கூற வருகின்றோம். காணப்படுதல் ஒரு காலத்தில் ஆபத்தாகவும் பிறிதொரு காலத்தில் காவலாகவும் அமைவது விளக்கின் இயல்பினால் அன்று. அதைச் சூழ்ந்த சமூக நிலைமையினாலேயே ஆகும்.

3

பகலோட்ட விளக்கு வடநாடுகளிற் தோன்றிய வழக்கமாகும். சூரியன் தாழ்வாகவும் குறைந்த நேரமும் தோன்றும் பின்லாந்தில், குளிர்காலத்தில் நகர்ப்புறத்துக்கு வெளியே பகலிலும் விளக்கெரிக்க வேண்டுமென்ற விதி 1972இல் வந்தது. சுவீடன் 1977இல் ஆண்டு முழுவதற்கும் இதனைக் கட்டாயமாக்கியது. 1980களில் நோர்வேயும் 1990இல் டென்மார்க்கும் பின்தொடர்ந்தன. கனடாவில் 1989 டிசெம்பரின் பின் உற்பத்தியான புதிய வாகனங்களுக்கு இது கட்டாயமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 பெப்ரவரி முதல் புதிய வகைக் கார்கள் இவ்விளக்குடனேயே அங்கீகாரம் பெறல் வேண்டும். இந்தியாவில் 2017 ஏப்ரலிலிருந்து புதிய மோட்டார் சைக்கிள்களின் முன்விளக்கு இயந்திரம் இயங்கும்போதெல்லாம் தானாகவே எரியும் வகையில் அமைக்கப்படுகின்றது.

இவ்விளக்கு ஓட்டுநர் தெருவைக் காண்பதற்கு உரியதன்று. பிறர் வாகனத்தைக் காண்பதற்கு உரியது. மனிதக் கண், ஒரு பொருளை அதன் பின்னணியிலிருந்து ஒளிவேறுபாட்டினால் பிரித்தறிகின்றது. நேராக நோக்காத கடைக்கண் பார்வையில் இவ்வேறுபாடு மேலும் முக்கியத்துவம் பெறுகின்றது. எதிரே வரும் வாகனம் உண்டென்பதையும், அது எவ்வளவு தூரத்தில் உள்ளதென்பதையும் சிறிது முன்னதாக அறிய இரு வெண்புள்ளிகள் துணைசெய்கின்றன.

வெயிலுக்குக் குறைவில்லாத யாழ்ப்பாணத்தில் இதற்கு யாது தேவை என்று கேட்கப்படலாம். இக்கேள்வி நியாயமானதே. பல நாடுகளின் ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து நோக்கி 1996இல் நோர்வேயில் வெளியான மதிப்பீடு, இவ்விளக்குப் பொருத்திய கார்கள் சம்பந்தப்பட்ட பகல்நேர மோதல்கள் ஏறத்தாழ 10 தொடக்கம் 15 சதவீதம் குறைவதாகக் கண்டது. மாறாக, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தெருப் பாதுகாப்பு நிருவாகம் 2008இல் வெளியிட்ட ஆய்வு, ஒட்டுமொத்தமாக நோக்குமிடத்துப் புள்ளியியல் முக்கியத்துவம் வாய்ந்த குறைவு எதனையும் காணவில்லை. ஒஸ்ரியா 2005 நவம்பரில் பகலில் விளக்கெரிப்பதைக் கட்டாயமாக்கி, 2008 தொடக்கத்தில் அவ்விதியை நீக்கிக்கொண்டது. ஆகவே இவ்விளக்கை ஒரு மந்திரக் காப்பாகக் கருதுதல் அறிவியலுக்கு ஒவ்வாது.

எனினும் வெயில் என்பது ஒரே சீரான ஒளியன்று. கிளுவையும் பூவரசும் அடர்ந்த வேலிகளுக்கிடையே செல்லும் ஒழுங்கையில், நிழலும் வெயிலும் பட்டைபட்டையாக விழுகின்றன. அந்நிழலிற் கரும்பச்சை, கறுப்பு, சாம்பல் நிறம் பூசிய பழைய கார் மறைந்துபோகின்றது. காலையிலும் மாலையிலும் கிழக்கு மேற்காகச் செல்லும் தெருக்களில், தாழ்ந்த சூரியனை எதிர்நோக்கி வருபவருக்குத் தெருவிலுள்ளவை யாவும் ஒரே நிழலுருவாகின்றன. மாரிகால மழையில் ஆனையிறவின் திறந்த வெளியில் வானும் நீரும் தெருவும் ஒரே நிறமாகின்றன. இத்தகைய வேளைகளில் ஒளிவேறுபாடு குறைகின்றது. விளக்கு அதனை ஈடுசெய்கின்றது.

பழைய காருக்கு மேலும் ஒரு சிறப்புக் காரணம் உண்டு. அது இன்றைய வாகனங்களிலும் மெதுவாகச் செல்வது. தடுப்பதற்கு நீண்ட தூரம் வேண்டுவது. 1961 வரை மொறிஸ் மைனரில் திரும்புதலைக் காட்டியது கதவோரத் தூணிலிருந்து நீண்ட சிறு கைகாட்டியே. 2009இன் பின் அகலமாக்கிச் செப்பனிடப்பட்ட ஏ9 முதலிய தெருக்களில் வேகம் கூடியுள்ளது. வெவ்வேறு காலகட்டங்களின் வேகங்கள் ஒரே தெருவில் ஒருங்கே ஓடுகின்றன. சமனற்ற வளர்ச்சி என்று நாம் நூல்களிற் கற்பதைக் கண்ணாற் காணவேண்டுமாயின், கொடிகாமம் சந்தியில் சிறிது நேரம் நின்றாற் போதும்.

4

பகலோட்ட விளக்கின் தேவையை ஏற்போர் முதலில் எண்ணுவது, இருக்கும் முன்விளக்கையே பகலிலும் எரித்தால் என்ன என்பதாகும். அதன் விளைவைக் கணக்கிட்டு நோக்குவோம். அக்கால லூக்காஸ் டைனமோவின் உச்ச வெளியீடு ஏறத்தாழ 20 அம்பியர் மட்டுமே. அதுவும் இயந்திரம் போதிய வேகத்திற் சுழலும்போது கிடைப்பது. சந்தியில் நின்று இயங்கும்போது டைனமோவிலிருந்து ஏறத்தாழ ஒன்றுமே கிடைப்பதில்லை. தாழ்வொளியில் 36 உவாற்று மின்குமிழ்கள் இரண்டு, 12 வோல்ற்றில் 6 அம்பியரைப் பெறும். முன்னும் பின்னுமுள்ள 6 உவாற்றுச் சிறு குமிழ்கள் நான்கும் 2 அம்பியரைப் பெறும். எரிபற்றற் சுருளுக்கு மேலும் 3 அல்லது 4 அம்பியர் வேண்டும். ஆக, 12 அம்பியர் அளவு இடையறாது செலவாகின்றது. நகர நெரிசலில் மெதுவாக ஓடும் காரின் டைனமோ இதனை ஈடுசெய்ய இயலாது, பற்றரி வெறுமையாகும். பழைய ஆளிகளும் துணியுறையிட்ட பழைய கம்பிகளும் நாள்முழுவதும் சூடேறும்.

பக்கவிளக்கை மட்டும் எரிப்பதாற் பயனில்லை. சூரிய ஒளியில் அச்சிறு குமிழின் ஒளி கண்ணுக்குத் தென்படாது. பகலோட்ட விளக்குக்கான சர்வதேச ஒழுங்குவிதி, நேர்முகமாக ஆகக் குறைந்தது 400 கண்டெலா ஒளிச்செறிவு வேண்டுமென்கின்றது; 1200 கண்டெலாவுக்கு மேற்படலாகாது என்றும் வரையறுக்கின்றது. குறைந்தால் தெரியாது, கூடினால் எதிரே வருபவரின் கண் கூசும்.

ஒளிகாலும் இருவாயிகளைக் கொண்ட இன்றைய விளக்குகள் இச்சிக்கலைத் தீர்க்கின்றன. விளக்கொன்றுக்கு 6 உவாற்று எனக் கொண்டால் இரண்டும் சேர்ந்து பெறுவது 1 அம்பியர் மட்டுமே. முன்விளக்கும் பின்விளக்கும் சேர்ந்து பெறும் 8 அம்பியரில் எட்டிலொரு பங்கு. பழைய டைனமோ இச்சுமையை எளிதிற் தாங்கும்.

ஆனால் இங்கு ஒரு முரண்பாடு எழுகின்றது. 1930களின் நடுப்பகுதியிலிருந்து 1960களின் பிற்பகுதி வரை, பிரித்தானியக் கார்கள் பெரும்பாலானவற்றில் பற்றரியின் நேர்முனையே உடற்சட்டத்துடன் இணைக்கப்பட்டிருந்தது. இன்றைய விளக்குகளோ மறைமுனை உடற்சட்டத்துடன் இணைந்திருக்கும் என்ற எடுகோளின்மீது ஆக்கப்படுபவை. பழைய மின்குமிழ் திசை பாராது எரியும்; இருவாயி ஒரு திசையில் மட்டுமே மின்னோட்டத்தைக் கடத்தும். மாற்றி இணைத்தால் விளக்கு எரியாது, பழுதடையவும் கூடும். அன்றியும், சில விளக்குகளின் உலோக உறை உள்ளே மறைமுனையுடன் தொடுத்திருக்கும். அவ்வுறையை நேர்முனையான உடற்சட்டத்தில் இறுக்கினால் குறுஞ்சுற்று ஏற்படும். எனவே பின்வரும் ஒழுங்கைக் கடைப்பிடித்தல் நன்று.

முதலாவதாக, பற்றரியின் எம்முனை உடற்சட்டத்துடன் இணைந்துள்ளது என்பதைக் கண்ணாற் கண்டு உறுதிசெய்தல் வேண்டும். பல கார்கள் பிற்காலத்தில் யப்பானிய மின்னாக்கி பொருத்தப்பட்டு மறைமுனைக்கு மாற்றப்பட்டுள்ளன. ஆதலால் காரின் வயதை வைத்து ஊகித்தல் ஆபத்தானது.

இரண்டாவதாக, 10 தொடக்கம் 30 வோல்ற்று வரை தாங்கக்கூடிய, தன்னுள்ளேயே மின்னோட்டச் சீராக்கி கொண்ட விளக்கைத் தெரிதல் வேண்டும். பழைய கட்டுப்பாட்டுப் பெட்டி வழங்கும் அழுத்தம் சீரானதன்று; சில வேளைகளில் 16 வோல்ற்றை அணுகும்.

மூன்றாவதாக, நேர்முனை உடற்சட்டமாக உள்ள காரில், விளக்கின் நேர்க்கம்பியை உடற்சட்டத்துக்கும், மறைக்கம்பியை றிலே ஒன்றினூடாக எரிபற்றல் ஆளியாற் கட்டுப்படும் உருகி வழிக்கும் இணைத்தல் வேண்டும். லூக்காஸ் நிற ஒழுங்கில் இவ்வழிக்குரியது பச்சைக் கம்பி. பச்சைக் கம்பிக்கும் றிலேயின் 30ஆம் முனைக்கும் இடையே 3 அம்பியர் உருகி தனியே வேண்டும். 87ஏ முனையிலிருந்து விளக்குகளுக்குக் கம்பி செல்லும். றிலேச் சுருளின் ஒரு முனையைப் பக்கவிளக்குக் கம்பிக்கும் மறுமுனையை உடற்சட்டத்துக்கும் இணைத்தால், மாலையிற் பக்கவிளக்கை எரித்த கணமே பகலோட்ட விளக்கு அணையும். சுருளுக்குக் குறுக்கே இருவாயி இல்லாத றிலேயைத் தெரிந்தால் முனைத்திசை பற்றிய சிக்கல் எழாது. பழைய காரிற் சிவப்புக் கம்பி பக்கவிளக்குக்கு உரியது. புதிய விளக்கிற் சிவப்புக் கம்பி நேர்முனைக்கு உரியது. ஒரே நிறம் இரு காலங்களில் இரு பொருள் தருவதை மறந்து இணைத்துவிடுவது எளிதில் நேரக்கூடிய தவறாகும்.

நான்காவதாக, விளக்கின் உறையைச் சோதனைமானியாற் சோதித்து, அது மறைமுனையுடன் தொடுத்திருப்பின் இறப்பர் வளையமும் பிளாஸ்ரிக் தாங்கியும் இட்டு உடற்சட்டத்திலிருந்து பிரித்தல் வேண்டும். உப்புக்காற்று வீசும் கரையோர ஊர்களில், உடற்சட்ட இணைப்பைச் சுரண்டித் துப்புரவாக்கி, இறுக்கியபின் கிறீஸ் பூசுதல் இன்றியமையாதது.

ஐந்தாவதாக, இடம். நிலத்திலிருந்து 25 சென்ரிமீற்றருக்குக் குறையாமலும் 150 சென்ரிமீற்றருக்கு மேற்படாமலும், இரு விளக்குகளின் உள்விளிம்புகளுக்கிடையே ஆகக் குறைந்தது 60 சென்ரிமீற்றர் இடைவெளியுடனும், சமச்சீராகவும் அமைத்தல் வேண்டும். பம்பரைத் துளையிடாமல், அதனைத் தாங்கும் ஆணிகளிலேயே தகட்டுத் தாங்கி பொருத்தலாம். நாளை கழற்றினால் கார் பழைய நிலையிலேயே இருக்கும். நிறம் வெள்ளையாகவே இருத்தல் வேண்டும்; நீலமும் சிவப்பும் மின்னிமின்னி எரிவனவும் தெருவின் மொழியைக் குழப்புவன. பொருத்திய பின்னர், அது 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழுள்ள விதிகளுக்கு அமைந்துள்ளதா என்பதை உரிய பரிசோதகரிடம் கேட்டறிதல் முறையாகும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. இவ்விளக்கு எரியும்போது பின்விளக்கு எரிவதில்லை. பொழுதுபட்டபின் முன்னே தெரியும் வெளிச்சத்தைக் கண்டு, எல்லா விளக்குகளும் எரிகின்றன என்று ஓட்டுநர் மயங்கினால், பின்னால் வருபவருக்குக் கார் இருளாகவே இருக்கும். மழையிலும் மம்மல் பொழுதிலும் முன்விளக்கைப் போடும் பழக்கத்துக்கு இவ்விளக்கு மாற்றாகாது.

5

இனி மூன்றாவது வினாவுக்கு வருவோம். இவ்விளக்கினால் யார் பாதுகாக்கப்படுகின்றனர்?

காரிலிருப்பவர் என்பது உடனடியான விடை. ஆயினும் உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டை நோக்குவோம். 2021இல் உலகத் தெருக்களில் இறந்தோர் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர். அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் நடந்து சென்றோரும், சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் சென்றோருமே. உலக வாகனங்களில் ஏறத்தாழ 60 சதவீதத்தைக் கொண்ட குறைந்த, நடுத்தர வருமான நாடுகளிலேயே இறப்புகளில் 92 சதவீதம் நிகழ்கின்றது. விபத்து என்ற சொல் தற்செயலைக் குறிப்பது. இவ்வெண்கள் தற்செயலைக் காட்டவில்லை. ஓர் ஒழுங்கையே காட்டுகின்றன. எவரிடம் உலோகக் கூடு இல்லையோ அவரே இறக்கின்றார்.

பகலோட்ட விளக்குக்கு எதிராக ஐரோப்பாவில் எழுந்த வாதங்களுட் கருத்திற்கொள்ளத்தக்கது இதுவே: எல்லாக் கார்களும் விளக்கெரித்தால், விளக்கில்லாத சைக்கிளோட்டியும் பாதசாரியும் கண்ணுக்கு மேலும் மங்கலாகிவிடுவர். கண்ணின் கவனம் வரம்புடையது; அதனைப் பெறுவதற்கும் ஒரு போட்டி நிகழ்கின்றது. சந்தையிற் போலவே இங்கும் மூலதனமுள்ளவர் முந்துகின்றார். ஓட்டுநர் விளக்குள்ளதை மட்டுமே தேடப் பழகினால், விளக்கற்றவர் இல்லாதவராகிவிடுவார். தோட்டத்திலிருந்து வெங்காயக் கட்டைச் சைக்கிளில் ஏற்றிவரும் கமக்காரரும், விடியற்புறம் வேலைக்குச் செல்லும் பெண்ணும், வெள்ளைச் சீருடையில் வரிசையாக வரும் பிள்ளைகளும் தமது முன்புறத்தில் 400 கண்டெலாவைத் தாங்கிவருவதில்லை.

வரலாறு இவ்விடத்திற் துணைசெய்கின்றது. 1865இல் பிரித்தானியாவில் இயற்றப்பட்ட சட்டம், தெருவில் ஓடும் இயந்திர வண்டிக்கு முன்னால் ஒருவர் சிவப்புக் கொடியுடன் நடந்து செல்ல வேண்டுமென விதித்தது. இது இயந்திரத்துக்கு எதிரான மூடத்தனம் என நகையாடப்படுவது வழக்கம். அச்சட்டத்தின் பின்னால் இரயில் முதலாளிகளின் நலனும் குதிரை வண்டிக்காரரின் நலனும் இருந்தன என்பது உண்மையே. ஆயினும் ஒரு கோட்பாட்டை அது உட்கொண்டிருந்தது: ஆபத்தைக் கொணர்பவரே எச்சரிக்கும் கடமையுடையவர். 1896இல் அக்கட்டுப்பாடு நீங்கியது. அதன் பின்வந்த மோட்டார் யுகத்தில், ஒதுங்கும் கடமை படிப்படியாக நடப்பவரின் தலையில் ஏற்றப்பட்டது. தெரு என்பது எல்லோரும் நிற்கவும் பேசவும் நடக்கவும் உரிய பொதுவெளி என்ற நிலை மாறி, வாகனம் செல்லும் வழி என்றாயிற்று.

இந்நோக்கிற் பகலோட்ட விளக்கை இருவகையாக விளங்கிக்கொள்ளலாம். ‘நான் வருகின்றேன், விலகு’ என்று அது கூறுமாயின், அது ஆதிக்கத்தின் அடையாளம். ‘நான் வருகின்றேன், என்னால் உனக்கு ஆபத்து நேரலாம், ஆகையால் முன்கூட்டியே உனக்குத் தெரிவிக்கின்றேன்’ என்று கூறுமாயின், அது அந்தப் பழைய கொடியின் இன்றைய வடிவம். விளக்கு ஒன்றே, அதன் பொருளைத் தீர்மானிப்பது, அதனை எரித்துக்கொண்டு ஓட்டுபவர் எவ்வேகத்தில் ஓட்டுகின்றார் என்பதாகும். பழைய கார் இயல்பாகவே மெதுவாகச் செல்வது. ஆதலால் இவ்விளக்கு பொருந்தும் இடங்களுள் அது சிறந்த இடம் என்றே கூறத் தோன்றுகின்றது.

6

பழைய காரின் நிலை இன்று மீண்டும் மாறிவருகின்றது. 2009இன் பின் புதிய வாகனங்கள் வடக்கில் நிறைந்தன. நிறுத்திவைக்கப்பட்டிருந்த மதிப்பிழப்பு ஒரே வீச்சில் நிகழ்ந்தது. வாடகைக் கார் தரிப்பிடங்களிலிருந்து ஏ40கள் ஒவ்வொன்றாக மறைந்தன. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக வாகன இறக்குமதி மறுபடியும் நிறுத்தப்பட்டபோது பழைய வாகனத்துக்குச் சிறிது வாழ்வு நீண்டது. 2025இன் தொடக்கத்தில் அத்தடை படிப்படியாகத் தளர்த்தப்பட்டது. எஞ்சியிருப்பன சேகரிப்போரின் பண்டமாக, அரும்பொருளுக்குரிய மாற்றுப்பெறுமதியைப் பெற்று வருகின்றன. பயன்பெறுமதியை இழந்து காட்சிப்பொருளாவது ஒரு கருவியின் முடிவாகவும் அமையலாம்.

சேகரிப்போர் சிலர், தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபடியே கார் இருத்தல் வேண்டும் என்பர். புதிய விளக்கு அதன் தூய்மையைக் கெடுக்கும் என்பர். யாழ்ப்பாணத்துக் காரைப் பொறுத்தவரை இத்தூய்மைவாதம் வரலாற்றுக்குப் புறம்பானது. இக்கார்கள் ஒருபோதும் தூய நிலையில் இருந்ததில்லை. மண்ணெண்ணெயில் ஓடியதும், வேறொரு வண்டியின் பாகத்தைத் தாங்கியதும், கராஜில் உழைத்தவர் தட்டி நிமிர்த்திய தகட்டை அணிந்ததுமே அவற்றின் உண்மையான வரலாறு. மாற்றமே அவற்றைக் காப்பாற்றியது. பம்பரின் கீழ் இரு சிறு விளக்குகளைச் சேர்ப்பது அம்மரபுக்கு இயைந்த செயலேயாகும். அதே வேளை, துளையிடாமலும் பழைய கம்பிகளை அறுக்காமலும் பொருத்துவது, முன்னர் உழைத்த கைகளுக்கு நாம் காட்டும் மதிப்பாகும்.

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், சில முடிவுகள் பெறப்படுகின்றன. பகலோட்ட விளக்கு நிழலிலும் மழையிலும் தாழ்ந்த வெயிலிலும் பயன் தருவது. ஆனால் அப்பயன் வரையறைக்குட்பட்டது. பழைய டைனமோவுக்கு ஏற்ற குறைந்த மின்னோட்டத்தில், முனைத்திசை அறிந்து பொருத்தினால் அது காருக்குத் தீங்கு செய்யாது. ஆனால் தனியொருவர் தம் காருக்கு வாங்கிப் பொருத்தும் விளக்கு, தெருவின் பாதுகாப்பு என்னும் பொதுக் கடமைக்கு ஈடாகாது. நடப்பவருக்கு நடைபாதையும், சைக்கிளுக்குத் தனிவழியும், பாடசாலை வாசலில் வேகக் கட்டுப்பாடும், நம்பத்தக்க பொதுப் பேருந்தும் கோரப்படல் வேண்டும். பண்டமாக விற்கப்படக்கூடிய பாதுகாப்பு விரைவிற் பரவுகின்றது. பொதுவாகப் பகிரப்படவேண்டிய பாதுகாப்பு பின்தங்குகின்றது. இதுவே எமது காலத்தின் அடிப்படை முரண்பாடுகளுள் ஒன்று.

ஒளிக்கு அஞ்சி வாழ்ந்த ஒரு சமூகம், இன்று ஒளியைத் தன் காவலாக்கிக்கொள்ளும் வாய்ப்பைப் பெற்றுள்ளது. அவ்வொளி கார் வைத்திருப்போரை மட்டும் காட்டும் ஒளியாக நின்றுவிடலாகாது. விளக்குப் பொருத்திய ஓட்டுநர், விளக்கில்லாமல் எதிரே வருபவரையும் காணக் கற்றுக்கொள்ளும்போதே இச்சிறு கருவி தன் பயனை முழுமையாக எய்தும்.